கை கீறியதா, மெசின் கீறியதா?

சென்ற வருடம் எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவையொட்டிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி ஒன்று வைத்தோம். 'எங்கள் ஊர் வீடு' என்பது தலைப்பு. வீட்டிலிருந்தே கீறிக்கொண்டு வந்து மண்டபத்தில் ஒப்படைக்க வேண்டும். நடுவர்கள் மூன்று பேர். ஊரில் நீண்டகாலம் சித்திரம் படிப்பித்த மாஸ்ரர் ஒருவர், சங்கத்தின் மகளிர் பொறுப்பாளர், மூன்றாவது ஆளாக நான். ஓவியத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் தெரியாது. என் தாய்மாமன் ஊரில் போர்ட் எழுதியவர் என்பதால், 'இவனுக்குக் கொஞ்சம் விளங்கும்' என்று சேர்த்துக்கொண்டார்கள்.

இருபத்தைந்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. எல்லாம் கலர் பென்சில், வாட்டர் கலர். ஒன்று மட்டும் வழுவழுப்பான தாளில் பிறிண்ட் எடுத்தது. ஓட்டுக்கூரை, சிமெந்துத் திண்ணை, திண்ணைத் தூணில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள், பின்னால் கிணற்றடி, துலா, நாலைந்து கமுகு. மாலை வெயில் திண்ணையில் விழுந்து கிடந்தது. மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையே கனநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனால் இது கொம்பியூட்டர் கீறினதெல்லோ" என்றார். மகளிர் பொறுப்பாளர் ஒன்றும் பேசவில்லை. "அப்ப அதைத் தள்ளி வையுங்கோ" என்று முதலில் சொன்னவன் நான்தான்.

பரிசளிப்பு முடிந்தபின் அந்தப் படத்தைத் தந்த பிள்ளை என்னிடம் வந்தாள். பதினான்கு வயது. இங்கேயே பிறந்தவள். ஏன் தன் படத்தைச் சுவரில்கூட ஒட்டவில்லை என்று கேட்டாள். "பிள்ளை, இது கையால கீறுற போட்டி" என்றேன்.

"மாமா, நீங்கள் வேலையில இரும்பைக் கையாலயா வெட்டுறீங்கள்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த கிழமை இரவு வேலையில், மெசினுக்குப் பக்கத்தில் நின்றபோது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடிப் போன இடத்தில் நான் அறிந்த வரலாற்றைத்தான் இந்தப் புத்தாண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நான் ஏ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மெசினும் அதன் மூதாதையும்

நான் ஸ்ருட்காட்டுக்குப் பக்கத்தில் உலோகத் துண்டுகள் செதுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் மெசினுக்கு 'சீ.என்.சீ.' என்று பெயர். எண்களால் இயங்கும் மெசின் என்பது பொருள். கத்தி எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீற்றர், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று எண்களாக எழுதிக் கொடுத்தால் அது அப்படியே செதுக்கும். இந்த முறையை அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1952ஆம் ஆண்டு செய்து காட்டினார்கள். அந்தக் காலத்தில் திரை, விசைப்பலகை எல்லாம் இல்லை. காகித நாடாவில் துளை போட்டு, அந்தத் துளைகளை மெசின் வாசிக்கும்.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இரும்பை வெட்டுவது யார்? நானா, மெசினா? கத்தியைப் பிடிப்பது நானில்லை. ஆனால் எந்தக் கத்தி, எங்கே பிடி இறுக்க வேண்டும், எங்கே வேகம் குறைக்க வேண்டும், சத்தம் மாறினால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. துண்டு பிழைத்துப்போனால் எங்கள் மைஸ்ரர் மெசினைப் பேசுவதில்லை. என்னைத்தான் கூப்பிடுவார். அப்படியானால் துண்டு சரியாக வந்தால் மட்டும் அது மெசினுடைய வேலையாகி விடுமா? பிழை என்னுடையது, சரி மெசினுடையது என்பது என்ன நியாயம்?

இந்த யோசனையோடு நகர நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஒரு விசயம் கண்ணில் பட்டது. கணனியால் கீறிய படங்களை உலகத்தில் முதன்முதலாகக் கண்காட்சியாக வைத்த இடம் நியூயோர்க்கும் இல்லை, ரோக்கியோவும் இல்லை. நான் கிழமைக்கு ஒருக்கால் மரக்கறி வாங்கப் போகிற இதே ஸ்ருட்காட் நகரம்தான்!

ஸ்ருட்காட், 1965

கொன்றாட் சூசே என்ற யேர்மன் பொறியியலாளரைப் பலர் அறிந்திருப்பீர்கள். 1941இல் புரோகிராமால் இயங்கும் கணனியைக் கட்டி முடித்தவர். அவருடைய கொம்பனி 1961இல் 'கிராபோமாட் இசற் 64' என்ற கீறும் மெசினை அறிமுகப்படுத்தியது. பெரிய மேசை, அதன் மேல் அசையும் ஒரு பேனை. துளையிட்ட நாடா சொல்லுகிற வழியில் பேனை போகும். நில அளவைப் படங்கள் கீறத்தான் அதைச் செய்தார்கள். என் மெசினும் அதுவும் நெருங்கிய சொந்தக்காரர். கத்தி இருக்கிற இடத்தில் பேனை இருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு சங்கதியும் உண்டு. இந்தச் சூசே தானே கையால் எண்ணெய் வர்ண ஓவியம் தீட்டியவர்! கணனியைக் கட்டிய மனிதர் தூரிகையைக் கைவிடவில்லை.

கேயோர்க் நேஸ் என்பவர் சீமென்ஸ் நிறுவனத்தில் எர்லாங்கன் நகரில் வேலை பார்த்த கணித அறிஞர். இந்தக் கீறும் மெசினுக்குத் தானே புரோகிராம் எழுதி, கோடுகளாலும் கோணங்களாலும் ஆன படங்களை எடுத்தார். பேனை எங்கே திரும்ப வேண்டும் என்பதில் ஒரு பகுதியைத் தற்செயல் எண்களுக்கு விட்டார். எந்த எல்லைக்குள் திரும்பலாம் என்பதை அவர் வகுத்தார். இந்தப் படங்களை ஸ்ருட்காட் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த மக்ஸ் பென்ச என்பவர் 1965 பெப்ரவரியில் தன் கண்காட்சி அறையில் வைத்தார்.

திறப்பு நாளில் நகரத்து ஓவியர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் கோபம். அவர்களில் ஒருவர், 'என் கை போகிற மாதிரி உன் மெசினைக் கீறச் செய்ய முடியுமா?' என்று கேட்டாராம். நேஸ் யோசித்துவிட்டு, 'முடியும். ஆனால் உங்கள் கை எப்படிப் போகிறது என்று முதலில் நீங்கள் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்' என்ற கருத்தில் பதில் சொன்னாராம். ஓவியர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த பென்ச, இது 'செயற்கைக் கலை'தானே என்று ஒரு பெயரைச் சொன்னார். அறுபது வருடத்துக்கு முந்தைய அந்த அறையை நினைத்துப் பார்த்தேன். எங்கள் மண்டபத்தில் நாங்கள் மூன்று பேர் நின்றதும் அதே நிலையில்தான்.

அதே வருடம் நவம்பரில், ஸ்ருட்காட்டிலேயே வெண்டலின் நீட்லிக் என்பவரின் கலைக்கூடத்தில் நேசும், பிறீடர் நாக்கே என்ற இளைஞரும் சேர்ந்து படங்களை வைத்தார்கள். நாக்கே இந்த நகரத்திலேயே 1938இல் பிறந்து, கணிதம் படித்தவர். உயர்கல்லூரி அந்தக் கீறும் மெசினை வாங்கியபோது, அதைக் கணனியோடு இணைக்கும் புரோகிராமை எழுதுகிற வேலை அவரிடம் கொடுக்கப்பட்டது. மெசின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தொடங்கியவர் படம் கீறுகிறவராகி விட்டார். போல் கிளே என்ற ஓவியருக்கு மரியாதை செலுத்தி 1965 செப்டெம்பரில் அவர் எடுத்த படம் இன்று லண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருட் சாலையில் இருக்கிறது.

நேஸ் 1968 அளவில் எடுத்த 'சொட்டர்' என்ற படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொட்டர் என்றால் யேர்மன் மொழியில் சல்லிக்கல். வரிசைக்கு 12 சதுரங்களாக 22 வரிசைகள். மேலே எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கும். கீழே வர வரச் சதுரங்கள் சரிந்து, திரும்பி, கலைந்து போகும். வெறும் கோடுகள்தான். ஆனால் அதைப் பார்த்தபோது எனக்கு இடிந்துபோன மதில் ஞாபகம் வந்தது. நேஸ் அப்படி நினைத்துச் செய்யவில்லை. ஆனால் பார்க்கிறவன் மனதில் ஒன்றை அசைப்பதுதானே படம்?

நியூயோர்க்கில் 1965 ஏப்பிரலில் பேலா யூலெஸ், மைக்கல் நோல் ஆகியோரின் கணனிப் படங்கள் ஹவார்ட் வைஸ் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டன. நோல் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். அவர் ஒரு சோதனை செய்தார். மொண்ட்றியான் என்ற பெரிய ஓவியர் 1917இல் சிறு கோடுகளால் தீட்டிய படம் ஒன்று உண்டு. அதே பாணியில் 1964இல் கணனியால் ஒரு படம் எடுத்து, இரண்டின் பிரதியையும் 100 பேருக்குக் காட்டினார். 59 பேர் கணனிப் படமே நன்றாக இருக்கிறது என்றார்கள். எது கணனி கீறியது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர் மட்டுமே!

இதே நோல் தன் கணனிப் படம் ஒன்றைப் பதிப்புரிமைக்குப் பதியப் போனபோது, மெசின் செய்ததைப் பதிய முடியாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. புரோகிராம் எழுதியவன் மனிதன் என்று அவர் விளக்கினார். அப்படியென்றால் தற்செயல் எண்கள் இருக்கின்றனவே என்றார்கள். அந்தத் தற்செயலை வகுத்ததும் மனிதன் எழுதிய கணக்குத்தான் என்று மறுபடி விளக்கினார். கடைசியில் பதிந்துகொண்டார்கள்.

ஒரு பெண்மணியையும் குறிப்பிட வேண்டும். வேரா மொல்னார் 1924இல் ஹங்கேரியில் பிறந்து, 1947இல் நாட்டைவிட்டு வெளிக்கிட்டு, பாரிஸில் வாழ்ந்தவர். கணனி கையில் கிடைக்க முன்னரே, 1959இலிருந்து, தனக்கு ஒரு கற்பனை மெசின் இருப்பதாக வைத்துக்கொண்டார். விதியை எழுதி, அந்த விதிப்படி கையாலேயே படிப்படியாகக் கீறினார். 1968இல்தான் உண்மைக் கணனியைத் தொட்டார். இப்போது சொல்லுங்கள், கற்பனை மெசினுக்காகக் கை கீறிய படம் கையுடையதா, மெசினுடையதா? 2022இல் வெனிஸ் நகரத்துப் பெரிய கலைவிழாவில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டபோது அவருக்கு வயது 98. அடுத்த வருடம் காலமானார். மரியாதை வர எத்தனை காலம் பிடித்தது பாருங்கள்.

இந்தச் சண்டை புதியதல்ல

1839இல் பிரான்சில் டகேர் என்பவரின் புகைப்பட முறை வெளியானபோதும் இதே பேச்சுத்தான். பெட்டிதானே படம் எடுக்கிறது, மனிதன் என்ன செய்தான்? 1859இல் கவிஞர் போதலேர், புகைப்படத்தை ஓவியராகத் தோற்றவர்களின் புகலிடம் என்று கண்டித்து எழுதினார். 1862இல் பாரிஸில் மயேர், பியேர்சோன் என்ற படப்பிடிப்பாளர்கள் தங்கள் படங்களைப் பிறர் பிரதி எடுத்து விற்றதற்கு எதிராக வழக்குப் போட்டு வென்றார்கள். புகைப்படமும் கலைப்படைப்பாக இருக்கலாம், சட்டப் பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. அதை எதிர்த்து அங்கிறே போன்ற புகழ்பெற்ற ஓவியர்கள் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். இன்று அந்த ஓவியர்களையும் மதிக்கிறோம், அந்தப் படப்பிடிப்பாளர்களையும் மதிக்கிறோம். ஒன்று மற்றதை அழித்துவிடவில்லை.

பிரான்சை விடுங்கள். எங்கள் சாமியறைக்கு வாருங்கள். அங்கே மாட்டியிருக்கிற இலட்சுமி, சரஸ்வதி, முருகன் படங்களில் எத்தனை கையால் தீட்டியவை? எல்லாம் அச்சடித்தவை. கல்லில் எழுதி அச்செடுக்கும் முறையை 1790களின் இறுதியில் கண்டுபிடித்தவர் அலோயிஸ் செனபெல்டர். நாங்கள் வாழுகிற இந்த யேர்மனியில், மியூனிக் நகரத்தில்! அந்த முறையில் பல வர்ணத்தில் அச்சடிக்க ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். யேர்மன் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் அதில் வேலை செய்தார்கள். அரண்மனைச் சுவரில் மட்டும் இருந்த எண்ணெய் வர்ண இலட்சுமி, சில அணா கொடுத்து வாங்கக்கூடிய தாளாக ஏழை வீட்டுக்கும் வந்து சேர்ந்தாள். பிறகு தமிழ்நாட்டில் கோவில்பட்டியிலிருந்து கொண்டையராஜு (1898 - 1976) தீட்டிய சாமிப் படங்கள் சிவகாசியில் அச்சாகிக் கலண்டராகப் பரவின.

என் அம்மா ஒவ்வொரு வெள்ளியும் அப்படி ஒரு தாளுக்குத்தான் பூ வைத்தார். இடம்பெயர்ந்தபோது உடுப்பு மூட்டைக்குள் சுருட்டிக்கொண்டு போனதும் அந்தத் தாளைத்தான். 'இது மெசின் அடிச்சது, இதில சாமி இல்லை' என்று எங்களில் ஒருவராவது சொன்னதுண்டா? கும்பிடுகிற படத்தில் நாங்கள் மெசினைப் பார்க்கவில்லை. பிள்ளை கீறிய படத்தில் மட்டும் ஏன் மெசினைப் பார்த்தோம்?

மாமாவின் தூரிகைகள்

ஏன் பார்த்தேன் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது.

என் மாமா கடை போர்ட், பள்ளிக்கூடப் பெயர்ப்பலகை, லொறிக் கதவு எல்லாம் எழுதினவர். எனாமல் பெயின்ற், அணில் மயிர்த் தூரிகை. 'ழ' எழுதும்போது மூச்சை அடக்குவார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யுத்தத்துக்குள்ளும் அவருக்கு வேலை இருந்தது. யுத்தம் 2009இல் முடிந்து பாதைகள் திறந்தபின், பிளெக்ஸ் அடிக்கும் மெசின் ஊருக்கு வந்தது. அவர் இரண்டு நாள் எழுதுகிற போர்ட் அரைமணித்தியாலத்தில் அடித்து வந்தது. நான் நாட்டைவிட்டு வெளிக்கிட முதல், அவர் தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றிப் பரணில் வைத்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் அவற்றை எடுக்கவில்லை.

மண்டபத்தில் அந்த வழுவழுப்பான தாளைக் கண்டதும் நான் பார்த்தது பிள்ளையின் படத்தை அல்ல, மாமாவின் பரணைத்தான். மாஸ்ரர் யோசித்துச் சொன்னார். நான் கோபத்தில் சொன்னேன்.

ஆனால் ஒன்றை இப்போது பிரித்துப் பார்க்கிறேன். மாமாவின் தொழிலை அழித்தது மலிவு. கடைக்காரருக்கு அழகான 'ழ' தேவைப்படவில்லை, நாளைக்கே போர்ட் தேவைப்பட்டது. அது கூலியும் விலையும் பற்றிய பிரச்சினை. அதற்கு ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எப்படிப் பொறுப்பாவாள்? அவள் அந்தப் படத்தை மலிவுக்காகவோ கெதிக்காகவோ கீறவில்லை.

விலையும் மரியாதையும்

விலை பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். 2021 மார்ச்சில் 'பீப்பிள்' என்ற பெயரில் இயங்கும் அமெரிக்கக் கலைஞர் ஒருவரின் கணனிப் படம் கிறிஸ்ரி ஏலத்தில் 6 கோடியே 90 இலட்சம் டொலருக்கு மேல் போனது. 2007 மே முதலாந் திகதியிலிருந்து நாளுக்கு ஒன்றாகச் செய்த 5000 படங்களைச் சேர்த்த படம் அது. 'பார்த்தீங்களா, கணனிக் கலைக்கு மரியாதை வந்துவிட்டது' என்று பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த மாதிரி டிஜிட்டல் சொத்துகளின் சந்தை அடுத்த வருடமே விழுந்தது. சந்தை விழுந்ததால் அந்தக் கலைஞர் தினமும் உட்கார்ந்து செய்த உழைப்பு விழுந்துவிடுமா? விலை வேறு, மரியாதை வேறு.

முன்பு சொன்ன நாக்கே இதை எப்போதோ கண்டிருந்தார். 1971இல் அவர் 'கணனிக் கலை என்று ஒன்று வேண்டாம்' என்ற கருத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பணக்காரருக்கு விற்க இன்னொரு புதுச் சரக்கு எதற்கு, செல்வம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைக் காட்டும் படம் எடுக்கக் கணனியைப் பயன்படுத்தலாமே என்பது அவர் வாதம். முன்னோடியே சொன்ன இந்தக் கேள்வி இன்றைக்கும் பொருந்துகிறது.

துணியில் தீட்டிய ஓவியத்துக்கு உள்ளது

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? இல்லை. ஸ்ருட்காட் அரச ஓவியக்கூடத்தில் றெம்பிராண்ட் 1627இல் தீட்டிய படம் ஒன்று இருக்கிறது. சிறைக்குள் இருக்கும் பவுல் அடிகள். வயதானவர், ஒரு காலில் செருப்பில்லை, பக்கத்தில் புத்தகங்களும் வாளும், யன்னலால் வருகிற வெயில் பின்சுவரில் விழுகிறது. கையில் பேனை. எழுதுவதை நிறுத்தி யோசிக்கிறார். றெம்பிராண்டுக்கு அப்போது இருபத்தொரு வயது அளவில். அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கும்போது, ஏறக்குறைய 400 வருடத்துக்கு முன் அவர் கைபட்ட அதே பலகை உங்கள் கண்ணுக்கு நேரே இருக்கிறது. உலகத்தில் அது ஒன்றுதான். ரப்லெற்றில் கீறிய படத்துக்கு அந்த ஒற்றைத்தன்மை இல்லை. கீறியவளிடம் உள்ளதும் என் ரெலிபோனுக்கு வருவதும் ஒன்றேதான்.

இன்னொரு குறையும் உண்டு. அன்டி வோகோல் என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் 1985இல் அமிகா கணனியில் கீறிய படங்கள் பழைய டிஸ்குகளில் கிடந்தன. அவற்றைத் திறந்தெடுக்க 2014 வரை காத்திருந்து, நிபுணர்கள் கூடிப் பாடுபட வேண்டியிருந்தது. றெம்பிராண்டின் படத்தைத் திறக்க ஒரு யன்னல் போதும்!

ஆனால் குறை இருப்பது வேறு, மரியாதை இல்லை என்பது வேறு. டேவிட் ஹொக்னி என்ற ஆங்கில ஓவியர் வாழ்நாளெல்லாம் வர்ணம் தீட்டியவர். 2011இல் யோர்க்ஷயரில் இளவேனில் வருவதைப் படமாக்கியபோது, 32 துணிச் சட்டங்களை ஒன்றாக இணைத்து ஒரு பெரிய எண்ணெய் ஓவியமும், ஐபாட்டில் 51 படங்களும் செய்தார். அடுத்த வருடம் லண்டன் றோயல் அக்கடமியில் எல்லாவற்றையும் சேர்த்தே வைத்தார்கள். ஒரே கண், ஒரே கை, ஒரே பாதை, ஒரே மரங்கள். எண்ணெயில் செய்ததற்கு மரியாதை, ஐபாட்டில் செய்ததற்கு இல்லை என்று எங்கே கோடு போடுவது?

இப்போது வந்திருக்கும் புதுச் சிக்கல்

கடைசியாக, இன்று எல்லோரும் கேட்கிற கேள்வி. செயற்கை நுண்ணறிவிடம் நாலு வரி எழுதிக் கொடுத்தால் அது படம் தருகிறதே, அதற்கும் இதே மரியாதையா? 2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் யேசன் அலன் என்பவர் அப்படி எடுத்த படத்துக்கு டிஜிட்டல் பிரிவில் முதற்பரிசு கிடைத்தது. பெரிய சர்ச்சையானது. அடுத்த வருடம் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அதைப் பதிய மறுத்தது. நோலிடம் கேட்ட அதே கேள்வி, இந்த முறை வேறு முடிவு.

என் சிற்றறிவுக்கு எட்டியவரை என் அளவுகோல் என் வேலைத்தலத்து அளவுகோல்தான். இந்தக் கோடு ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால் யார் பதில் சொல்வார்? நேஸ் சொல்வார், தானே எழுதிய விதி அது. ஹொக்னி சொல்வார், அவர் விரல் போன வழி அது. பிறர் கீறிய கோடிக்கணக்கான படங்களைத் தின்று வளர்ந்த புரோகிராமிடம் கேட்டு வாங்கினவர், கோடு கோடாகப் பதில் சொல்ல முடியுமா? சொல்ல முடிந்த அளவுக்கு மரியாதை கொடுப்போம். அதற்காக, ரப்லெற்றில் பேனை பிடித்து ஒவ்வொரு இலையையும் கீறுகிற பிள்ளையையும் இதையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டக்கூடாது. நான் செய்த பிழை அதுதான்.

துலா எந்தப் பக்கம்?

இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாய் தேத்தண்ணி தந்தார். பிள்ளையிடம் "நான் உன்ர படத்தை ஒழுங்காப் பார்க்கேல்லை, இப்ப காட்டு" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு ரப்லெற்றை எடுத்து வந்தாள்.

அந்தச் செயலியில், படம் கீறியதை முதல் கோட்டிலிருந்து திருப்பி ஓடவிட்டுப் பார்க்கலாம். எனக்கு அது தெரியாது. முதலில் ஒரு வெறும் பெட்டி வந்தது. பிறகு கூரை. கூரை அழிந்து இன்னொரு கூரை. கிணறு வலப்பக்கம் வந்தது, அழிந்தது, இடப்பக்கம் வந்தது. துலா நாலு தரம் மாறியது.

"ஏன் பிள்ளை இத்தனை தரம் மாத்தினீ?"

"அம்மம்மா ரெலிபோனில பார்த்துப் பார்த்துச் சொன்னவா. கிணறு அங்க இல்லை, துலா இந்தப் பக்கம் சாயாது, சைக்கிள் தாத்தா எப்பவும் ரெண்டாவது தூணிலதான் விடுவார் எண்டு."

அந்த வீடு இப்போது இல்லை. ஒரு புகைப்படமும் இல்லை. எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. பார்க்காத வீட்டை, கண்ட ஒருவரின் சொல்லைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, இந்தப் பிள்ளை மூன்று மாதமாகக் கட்டியிருக்கிறாள். தாளில் கீறியிருந்தால் நாலாம் முறை அழிக்கும்போது தாள் கிழிந்திருக்கும். கடைசியில் அம்மம்மா என்ன சொன்னா என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை மாமா. ரெலிபோனைத் திருப்பி வைச்சிட்டா. அழுதவா போல."

மாஸ்ரரிடமும் அந்த ஓட்டத்தைக் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். "கோடு உறுதியாப் போகுது. ஆனால் துலாவின்ர நிழல் பிழை" என்றார். அடுத்த ஞாயிறு பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார், நிழல் படிப்பிக்க. ஒரு சித்திர ஆசிரியர் கொடுக்கக்கூடிய மரியாதை இதைவிட வேறென்ன?

இந்த வருடப் போட்டிக்கு நிர்வாக சபையிடம் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். தாளோ, துணியோ, ரப்லெற்றோ, எதிலும் கீறலாம். ஆனால் பிள்ளைகள் மண்டபத்தில் இருந்தே கீற வேண்டும், நடுவர்கள் கேட்டால் ஒவ்வொரு கோட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். சபை ஏற்குமா தெரியாது. ஏற்காவிட்டாலும், சென்ற வருடம் நாங்கள் தள்ளி வைத்த அந்தப் படம் இந்த வருட விழாவில் மண்டப வாசலில் தொங்கும். அதற்குச் சட்டம் போட்டுவைத்தது நான். கையாலேதான் போட்டேன். சட்டம் ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்.

எல்லோருக்கும் என் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.